எட்டு வாளிதான்... ஒன்பதாவது ஆளுக்கு சாம்பார் இல்லை!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற யாரோட ரெஸ்யூமேவைப் பார்த்தாலும் 'ஜாவா தெரியும்'னு ஒரு வரி இருக்கும். என்னோடதிலும் இருக்கு. ஆனா, எழுதின புரோகிராமை சர்வர்ல ஏத்தி, ஊரே வந்து நின்னாலும் தாங்குற மாதிரி பார்த்துக்கறது தனி வித்தைங்கறது எனக்கு ஒரே ராத்திரியிலதான் புரிஞ்சது!

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன். சைட்டை உருவாக்கினது நாங்க நாலு பேர். கடைசி நாள், ராத்திரி 12 மணிக்கு க்ளோஸ். ஒன்பதரை மணிக்கு ரெஜிஸ்டர் பட்டன் உறைஞ்சு போச்சு. கொஞ்ச நேரத்துல ஹோம் பேஜும் போச்சு. எரர்கூட வரலை. பிரவுசர்ல சக்கரம் மட்டும் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு!

உடனே என்ன செஞ்சோம்? எல்லாரும் செய்யறதைத்தான்... ரீஸ்டார்ட்! சைட் எழுந்து உட்கார்ந்துச்சு. 'மச்சி, மேட்டர் ஓவர்'னு டீ குடிக்கக் கிளம்பினோம். இருபதே நிமிஷத்துல மறுபடி சக்கரம். அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பத்து நிமிஷம். அதுக்கும் அடுத்ததுக்கு அஞ்சே நிமிஷம்!

அப்போதான் வெளியூர் காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. "அண்ணா, பேப்பர் பிரசன்டேஷனுக்கு மூணு வாரமா ராப்பகலா தயார் பண்ணியிருக்கோம். பன்னெண்டு மணிக்கு க்ளோஸ் ஆயிடும்னு போட்டிருக்கே..." குரல் கம்மிப் போச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

வேற வழியில்லாம, ஐ.டி. கம்பெனியில சர்வர் அட்மினா இருக்கற எங்க சீனியர் அக்காவுக்கு போன் போட்டேன்.

"டேய், லாக் பார்த்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன பண்ணினே?"

"நாலு தடவை ரீஸ்டார்ட்..."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு!

யார் இந்தப் பூனை?

எங்க சர்வர் பேரு டாம்கேட். ஜாவா வெப் புரோகிராம்களை ஓட்டுற இலவச சாஃப்ட்வேர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பார்த்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கினது, 1999-ல அப்பாச்சி அமைப்புக்குத் தரப்பட்டது. ஓரெய்லி பதிப்பகத்தோட கம்ப்யூட்டர் புத்தகங்களுக்கு அட்டையில ஒரு மிருகம் இருக்கும் இல்லையா? தன் சாஃப்ட்வேருக்கும் ஒருநாள் அப்படிப் புத்தகம் வரும்னு நினைச்சு, 'தன்னைத் தானே பார்த்துக்கற மிருகம்'னு ஆண் பூனையோட பேரை வெச்சாராம் மனுஷன். புத்தகம் 2003-ல வந்துச்சு. ஆனா, அட்டையில இருந்தது பனிச்சிறுத்தை!

தன்னைத் தானே பார்த்துக்கற பூனைதான். ஆனா, நாம படுத்தினா அது என்ன பண்ணும், பாவம்?

கல்யாணப் பந்தி கணக்கு

அக்கா சொன்ன விளக்கம் இது. ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. பரிமாற ஆட்கள் இருக்காங்க. அவங்கதான் 'திரெட்'. டாம்கேட்ல நாம எதுவும் மாத்தாம விட்டா, அதிகபட்சம் 200 பேர். 'மேக்ஸ் திரெட்ஸ்'னு சர்வர் டாட் எக்ஸ்எம்எல் ஃபைல்ல இதை மாத்தலாம். சாம்பார் வாளிகள்தான் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள். ஒவ்வொரு தடவையும் புதுசா வாளி வாங்கினா நேரம் போகும்னு, சிலதை ரெடியா ஓர் இடத்துல வெச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு 'பூல்'. டாம்கேட்டோட வர்ற பூல்ல நாம எதுவும் சொல்லலைன்னா எத்தனை வாளி தெரியுமா? வெறும் எட்டு! எட்டும் வெளியே போயிட்டா, அடுத்து வர்றவர் காத்திருக்கணும். எவ்வளவு நேரம்? நாம சொல்லலைன்னா... காலம் பூரா!

"அப்போ மேக்ஸ் திரெட்ஸை 1000 ஆக்கிடட்டுமாக்கா?"

"பரிமாற ஆயிரம் பேர் வந்தாலும் வாளி எட்டுதானேடா?"

கொல்லாத கில்!

"ப்ராசஸ் நம்பரைக் கண்டுபிடிச்சு, கில் மைனஸ் 3 அடி"ன்னாங்க. "ஐயோ, கில்லா?"ன்னு பதறினேன். பயப்பட வேணாம். லினக்ஸ்ல அந்த கமாண்ட் ஜாவாவைக் கொல்லாது. ஒவ்வொரு திரெட்டும் இந்த நொடி என்ன பண்ணுதுன்னு கேட்டலினா டாட் அவுட்ங்கற லாக்ல எழுதிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

லாக்கைத் திறந்தேன். வரிசையா எல்லா திரெட்டும் ஒரே இடத்துல நிக்குது... வாளிக்காக!

சரி, அந்த எட்டு வாளியை யார் எடுத்துட்டுப் போனது? அக்கா சொன்னபடி கான்டெக்ஸ்ட் டாட் எக்ஸ்எம்எல்ல 'ரிமூவ் அபான்டன்ட் ஆன் பாரோ', 'லாக் அபான்டன்ட்'னு ரெண்டு செட்டிங்கை ஆன் பண்ணி, 60 நொடின்னு கெடு வெச்சேன். எடுத்த வாளியைத் திருப்பித் தராதவனை, கோட்ல எந்த வரின்னு லாக்லயே காட்டிக் கொடுத்துடும். காட்டிக் கொடுத்தது... நான் எழுதின வரியை!

ஒரே இ-மெயில்ல ரெண்டாவது தடவை பதிவு பண்ணினா டேட்டாபேஸ் எரர் வரும். எரர் வந்தா என் கோட், கனெக்‌ஷனை க்ளோஸ் பண்ணாமலே வெளியே ஓடிடும். எட்டு பேர் டபுள் க்ளிக் பண்ணினா சைட் காலி! பேர் ஏறிச்சா இல்லையான்னு சந்தேகத்துல ஜனம் திரும்பத் திரும்ப அழுத்த, வாளிகள் இன்னும் வேகமா காணாமப் போயிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் புதுசா எட்டு வாளி வாங்கி வெச்சோம், அவ்வளவுதான்!

2011-ல வந்த ஜாவா 7-லயே 'ட்ரை வித் ரிசோர்சஸ்'னு ஒரு வசதி இருக்கு. எரர் வந்தாலும் வராட்டியும் வாளியைத் தானா திருப்பி வெச்சிடும். மூணே வரி மாத்தினேன். மணி 11.50. சாரைக் கெஞ்சி மறுநாள் மதியம் வரை டைம் நீட்டிச்சோம். காலையில அந்த வெளியூர் டீம் பேரு லிஸ்ட்ல இருந்துச்சு. அதைப் பார்த்த பிறகுதான் தூங்கினேன்.

நீங்களும் செக் பண்ணுங்க!

* வாளிக்குக் காத்திருக்க ஒரு வரம்பு வையுங்க. பத்து நொடியில எரர் வர்றது, காலம் பூரா சக்கரம் சுத்துறதைவிட மேல்.

* டாம்கேட் யூசர்ஸ் ஃபைல்ல மானேஜர் பாஸ்வேர்டா 'டாம்கேட்'னே வெச்சிருக்கீங்களா? வீட்டுச் சாவியைக் கதவுலயே தொங்க விட்ட கதைதான்.

* 8009 போர்ட் திறந்திருக்கா? 2020 பிப்ரவரியில வெளியே வந்த 'கோஸ்ட்கேட்' ஓட்டை இது வழியாத்தான். உள்ளே இருக்கற ஃபைலை வெளியாள் படிச்சிட முடியும். 9.0.31-க்கு முந்தைய டாம்கேட் 9 வெச்சிருந்தா உடனே மாத்துங்க.

* 9-ல இருந்து 10-க்குப் போறீங்களா? 'ஜாவாக்ஸ் டாட் சர்வ்லெட்'ங்கறது அங்கே 'ஜகார்டா டாட் சர்வ்லெட்'. பழைய புரோகிராமை அப்படியே தூக்கிப் போட்டா ஓடாது.

ரீஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லலை பாஸ். பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை லாக்கைத் திறங்க. ஏன்னா, ரீஸ்டார்ட் பண்ணினா பிரச்னை போகாது... அது எங்கே இருந்துச்சுங்கற தடயம்தான் போகும்!