குளிசையும் ஞாபகமும்

"ஏன் தம்பி, இந்தப் பிரஷர் குளிசை மனுசருடைய ஞாபகத்தைத் தின்றுவிடுமோ?" என்று பெரியம்மா கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அவர் மூன்று வாரமாகவே குளிசையை நிறுத்தியிருந்தார் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது.

முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது ஹட்டனில் என் வீட்டில் இருக்கிறார். அடுப்பிலே வைத்த கேத்தலை மறக்கிறார். பேரன் பெயரைத் தேடுகிறார். ஆனால் 1983 ஆடியில் நுவரெலியா நகர் எரிந்தபோது, கைக்குழந்தையோடு தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கிய இரவின் புகைநாற்றம் மட்டும் போகவில்லையாம். அதற்குமேல் அந்த இரவைப் பற்றி அவர் பேசமாட்டார். "மறக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொண்டுபோகிறதே" என்பது குளிசைமேல் அவர் தொடுத்த வழக்கு.

வழக்கு முழுதும் பொய்யன்று. ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக், 1960களில் இருதய நோயாளருக்கென்று புரொப்பிரனலோல் என்னும் மருந்தைக் கண்டார். 1988இல் நோபல் பரிசும் பெற்றார். இரத்த அழுத்தத்துக்கும் வழங்கிய அம்மருந்து, அட்ரினலினின் வேலையைத் தடுப்பது. அச்சம் நேர்கையில் அந்த அட்ரினலினின் தூண்டுதலால்தான், மூளையில் வாதுமைப் பருப்புப் போன்ற ஒரு சிறு பகுதி, 'இதை மறவாதே' என்று நிகழ்ச்சிக்கு முத்திரை குத்துகிறது.

1994இல் கலிபோர்னியாவில் காஹில், மக்கோ முதலியோர், சிலருக்குப் புரொப்பிரனலோலும் சிலருக்குப் போலிக் குளிசையும் கொடுத்து, படங்களோடு கதை சொன்னார்கள். ஒரு கதையில் சிறுவனொருவன் விபத்தில் அடிபடுகிறான். மற்றது சாதாரணக் கதை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, போலிக் குளிசை உண்டோர் துயரப் பகுதியைத் தெளிவாகச் சொன்னார்கள். மருந்து உண்டோரிடம் அந்த மிகைத் தெளிவு இல்லை. சாதாரணக் கதையிலோ இரு சாராரும் ஒன்றே. கேத்தலையும் பேரனையும் அம்மருந்து தொடவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். என்றோ பதிந்துவிட்ட அச்சத்தை அதனால் மழுக்க இயலுமா என்ற முயற்சிகளில் முடிவுகள் ஒத்துவரவில்லை.

பெரியம்மா உண்பது அதுவுமன்று, லொசார்ட்டன். அதிர்ச்சி நினைவால் வருந்துவோருக்கு அது உதவுமா என்று அமெரிக்காவில் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். போலிக் குளிசையைவிட அது மேலாகவில்லை. மறதியைப் பொறுத்தவரையிலோ செய்தி பெரியம்மாவின் வழக்குக்கு நேரெதிர். ஐம்பது வயது கடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், அழுத்தத்தை 120க்குக் கீழே கொணர முயன்றவர்களிடம், 140க்குக் கீழே நிறுத்த முயன்றவர்களைவிட, அறிவாற்றல் சற்றே குன்றும் நிலை குறைவாகக் காணப்பட்டது. அடங்காத அழுத்தம் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். குளிசையை நிறுத்துவதே ஞாபகத்துக்குக் கேடு!

இவ்வளவையும் நான் பாடம் நடத்துவதுபோல் சொன்னேன். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார், குளிசையைத் தொடவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அழுத்தம் 190. டொக்டர் அம்மா கடிந்துகொள்ளவில்லை. கவலையும் தூக்கமின்மையும்கூட மறதி தரும் என்று சொல்லி, "இரவில் தூங்குகிறீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

பெரியம்மா நெடுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்க முதன்முறையாக, அந்த இரவைச் சொல்லத் தொடங்கினார்.