சரளைப் பாதையில் சக்கரங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் நில அமைப்பை அறிய விரும்புவோர் நெடுஞ்சாலையை விட்டு இறங்குதல் வேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து பேருந்தில் வருவோரின் கண்களுக்கு நார்த்தாமலையின் பாறைக் குன்றுகள் சன்னல் வழியே சிறிது நேரம் தோன்றி மறையும், அவ்வளவே. அக்குன்றுகளின் அடிவாரத்தைச் சுற்றிச் செல்லும் வண்டித்தடமும், கண்மாய்க் கரைமேல் வளைந்தோடும் ஒற்றையடிப் பாதையும், தைலமரத் தோப்புகளை ஊடறுத்துச் செல்லும் செம்மண் வழியும் நடந்து செல்வோர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் மட்டுமே புலப்படும்.

மலை என்றவுடன் நீலகிரியையோ கொல்லிமலையையோ எண்ணிக்கொண்டு வருபவர் இங்கு ஏமாற்றம் அடையக்கூடும். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மைமலை என நார்த்தாமலையில் ஒன்பது குன்றுகள் உண்டு. இவை யாவும் யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்ற மொட்டைப் பாறைகள். மேலமலைமீது விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. சித்தன்னவாசலின் ஓவியங்களையும் சமணர் படுக்கைகளையும், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்விடங்களுக்கு இடைப்பட்ட நிலத்தைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. மேற்கே கருங்கல் பாறை. கிழக்கே செம்பூராங்கல் படிவு. அக்கல் சிதைந்து உதிரும்போது கிடைப்பதே ஊர்ப்புறங்களில் கிராவல் என்று வழங்கப்பெறும் சரளை மண். சிற்றூர்ச் சாலைகள் பலவும் முதலில் இம்மண்ணைப் பரப்பி உருவாக்கப்பட்டவையே. இவற்றிற்கிடையே, பண்டைச் சோழ நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் எல்லையாகக் கருதப்பெற்ற வெள்ளாறு தென்கிழக்கு நோக்கிச் சென்று பாக் நீரிணையில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது நீரின்றி வெண்மணலாகவே கிடக்கும். ஆங்காங்கே அய்யனார் கோயில்களை ஒட்டி வீரையும் காசானும் உலக்கைப்பாலையும் அடர்ந்த கோயிற்காடுகள் எஞ்சியுள்ளன. வெயிலில் வண்டி மிதித்து வருபவர்க்கு அந்நிழலின் அருமை தெரியும்.

இத்தகைய பாதைகளில் மிதிவண்டி ஓட்டுதல் இன்று உலகின் பல நாடுகளில் தனி விளையாட்டாக வளர்ந்துள்ளது. இத்தாலியின் தசுக்கனிப் பகுதியில், வெண்ணிறச் சரளைச் சாலைகள் அழிந்துபோகாமல் காக்கும் நோக்குடன் 1997ஆம் ஆண்டு லெரோய்க்கா என்னும் பழைய மிதிவண்டிகளின் பயணம் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவின் கான்சாசு மாநிலத்துப் புல்வெளிக் குன்றுகளில் 2006 முதல் இருநூறு மைல் சரளைப் பாதைப் போட்டி நடைபெறுகிறது. 2022இல் இதற்கென உலக வாகையர் போட்டியும் முதன்முறையாக நடத்தப்பட்டது. இவ்விளையாட்டிற்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்த வண்டிகளின் டயர் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவு அகலமுடையது. நம் ஊர்களில் பால் கேன்களையும் நெல் மூட்டைகளையும் சுமந்த பழைய கறுப்பு மிதிவண்டியின் டயரும் ஏறத்தாழ அதே அகலந்தான். மேலைநாட்டு விளையாட்டு வீரர்கள் மெல்லிய டயரிலிருந்து தடித்த டயருக்கு மாறியது அண்மைக் காலத்தில். நம் வேளாண் மக்கள் அதை விட்டு விலகியதே இல்லை.

தடித்த டயர் ஏன் வேண்டும்? இதனை இயற்பியல் கொண்டு விளக்கலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை என்று கொள்வோம். டயருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் இருப்பின், இரு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 20 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 2.5 கிலோவாகக் குறைத்தால் அப்பரப்பு 32 ஆக விரியும். பரப்பு விரிந்தால் சக்கரம் உதிரி மண்ணில் புதைவது குறையும். கூழாங்கல்லின்மேல் டயர் துள்ளாமல் அதனை உள்வாங்கிக்கொள்ளும். காற்றை மிகவும் குறைத்துவிட்டாலோ கல்லுக்கும் விளிம்பு வளையத்திற்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழிந்துவிடும்.

சரளையில் முன்சக்கரத் தடையைத் திடீரென அழுத்துதல் ஆகாது. முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் விழுவது உறுதி. பின்தடையை மெல்லப் பிடித்து, திருப்பத்திற்கு முன்னரே விரைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மணற்பாங்கான இடத்தில் கைப்பிடியை இறுகப் பற்றாமல், மிதிப்பதை நிறுத்தாமல் செல்ல வேண்டும். வெள்ளாற்று மணலில் இவ்வுத்திகள் எவையும் பயன்படா. இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதே வழி. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பகை சீமைக்கருவேல முள். ஒட்டுப்போடும் பொருள்களும் கைப்பம்பும் இன்றி இப்பக்கம் புறப்படுவோர் பாதி வழியை நடந்தே கடக்க நேரும். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது என்பதையும் மறத்தலாகாது.

இனி, இப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைக் காண்போம். பேருந்து வராத சிற்றூரிலிருந்து பேருந்து நிற்கும் சாலைக்குச் செல்ல வேண்டுமெனில், ஒரு பெண் நடக்க வேண்டும். அல்லது தந்தையோ உடன்பிறந்தானோ கணவனோ மகனோ ஏற்றிச் செல்லக் காத்திருக்க வேண்டும். சிறுவர்கள் குரங்குப் பெடல் போட்டுத் தாமே பழகிக்கொண்டபோது, அவர்களுடன் பிறந்த சிறுமியர் பின்னிருக்கையில் அமர மட்டுமே பழகினர்.

1991ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. அப்போது மாவட்ட ஆட்சியராக விளங்கிய ஷீலாராணி சுங்கத், எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். எழுதப் படிக்கக் கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. கற்கும் பெண்களும் வெளியே வர வேண்டியிருந்தது. மிதிவண்டி வாங்க மகளிர்க்கு வங்கிக் கடன் கிடைக்கவும் ஆட்சியர் வழிசெய்தார். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று, கைப்பிடிகளில் கொடி கட்டி, மணியொலித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் வலம்வந்தனர். இம்மாவட்டத்திற்கு வந்து நேரில் கண்டு எழுதிய இதழாளர் பி. சாய்நாத், பதினெட்டு மாதங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டியை ஏற்றுக்கொண்டனர் என்றும், அவர்களுள் 70,000க்கும் மேற்பட்டோர் பொதுக் காட்சிகளிலும் போட்டிகளிலும் தம் திறனைக் காட்டினர் என்றும் பதிவுசெய்துள்ளார். கல் குவாரித் தொழிலாளர், வேளாண் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர்.

பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாத நிலையில் பலர் ஆண்கள் வண்டியிலேயே பழகினர். சிலர் பின்னரும் அதனையே விரும்பினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே செல்லும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதே காரணம். முன்னே குழந்தை, பின்னே தண்ணீர்க் குடம் அல்லது விளைபொருள் மூட்டை, கீழே சரளைப் பாதை என்ற நிலையில் வண்டியைச் சாயாமல் ஓட்டுவதற்கு, மேலே கூறிய உத்திகள் அனைத்தும் கைவந்திருத்தல் வேண்டும். அப்பெண்கள் அவற்றை எந்த நூலிலும் படிக்கவில்லை. விளையாட்டு என்று யாரும் அதற்குப் பெயரிடவுமில்லை. ஒரே வண்டிப் பயணத்தில் பல ஊர்களில் காய்கறி விற்று, பேருந்துக்காகக் காத்திராமல், பொழுது சாயும் முன் வீடு திரும்ப முடிந்தது. தொடக்கத்தில் ஆண்கள் சிலர் ஏளனம் செய்ததும் உண்டு. ஆட்சியரின் ஆணையால் மட்டும் இவ்வியக்கம் நடந்தது என்று எண்ணுவோர், முழங்கால் சிராய்ப்புகளோடு மறுநாளும் பயிற்சித் திடலுக்கு வந்த பெண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் பின்னர் வந்தது. இதனைப் படிக்கும் உங்களுள் பலர் அவ்வண்டியைப் பெற்றிருப்பீர்கள். அன்று பெண்கள் கடன் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் பழகிய ஊர்தி, இன்று மாணவியர்க்கு வகுப்பறை வாயிலிலேயே கிடைக்கிறது.

பாதைகளும் மாறியுள்ளன. அன்றைய சரளைச் சாலைகள் பல தார்ச்சாலைகளாகிவிட்டன. பெண்கள் பலர் மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் செல்கின்றனர். இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் தார்ச்சாலை சுற்றிச் செல்லும் இடங்களில், ஓர் ஊரையும் அடுத்த ஊரையும் நேரே இணைத்த பழைய ஊடுவழிகள் ஆளற்றுப்போகின்றன. குவாரிக் குழிகள் சில தடங்களை அறுத்துவிடுகின்றன. சில தடங்களில் நடப்பாரின்மையால் முதல் ஆண்டு புல் முளைக்கிறது. அடுத்த மழைக்காலத்திற்குப் பின் இருபுறத்துச் சீமைக்கருவேலமும் நடுவில் வந்து கைகோத்துக்கொள்கிறது.