கைமுட்டியில் ஒரு யாளி

நவராத்திரி வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும். வேளிமலை முருகனும் முன்னுதித்த நங்கையும் சரஸ்வதியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்பட, அந்த வாள்தான் முன்னால் போகும். கூடி நிற்பவர்களின் கண்ணெல்லாம் அலகின்மேல். ஆனால், ஆயுதம் செய்தவனின் சாமர்த்தியம் தெரிய வேண்டுமானால் கைப்பிடியைப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர்க் கட்டாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் காலத்துக் குத்துவாள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாளின் பிடி அலகுக்கு நேர்கோட்டில் இருக்கும். இதன் பிடியோ குறுக்கே ஓடுகிறது. ஏணிப்படியைப் பற்றுவதுபோல அதைப் பற்றினால், அலகு விரல்முட்டிக்கு முன்னால் நேராக நிற்கும். பக்கத்துக்கொன்றாக இரண்டு சட்டங்கள் முன்கையை ஒட்டிப் பின்னோக்கி நீளும். குத்தும்போது மணிக்கட்டு மடங்காது. தோளின் வலு முழுவதும் நுனிக்குப் போய்ச் சேரும்.

புறங்கையை மூட வளைந்த இரும்புத் தகடு ஒன்று. அதன் நுனியில்தான் யாளித் தலை. சிங்க உடலும் தும்பிக்கையுமாக யானையையே அடக்கும் கற்பனை விலங்கு. சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் பார்த்திருப்பீர்கள். கோயிலில் அது காவலுக்கு நிற்கிறது. இங்கே காக்க வேண்டியது ஐந்து விரல்களை. இதைவிடப் பொருத்தமான வேலை அதற்குக் கிடைத்திருக்காது.

ஜப்பானியர்களும் வாளின் 'சுபா' என்னும் கைக்காப்பில் தும்பியைச் செதுக்கினார்கள். தும்பி முன்னால் மட்டுமே பறக்கும், பின்வாங்காது என்பது நம்பிக்கை. (உண்மையில் அது பின்னாலும் பறக்கும். சாமுராய்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்!)

இரும்பு யாளிக்குத் திரும்புவோம். சிலை வார்க்கும் வெண்கலம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தூய இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். கொல்லன் உலையில் அது நடக்காது. ஆகவே இரும்பை அச்சில் ஊற்றி யாளி செய்ய வழியில்லை. அடித்து உருவாக்கி, உளியால் செதுக்கி, அரத்தால் ராவி எடுக்க வேண்டும். சில பிடிகளில் இரும்பையே துளைத்துச் சல்லடை வேலை செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வியப்பு: பல கட்டாரிகளின் அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. பிடியிலிருந்து நீளும் இரும்பு நாக்குகள் இருபுறமும் அலகைக் கவ்வ, தறையாணி அடித்து இறுக்கினார்கள். ஊடுருவும் ஆணியின் முனையைத் தட்டி நசுக்குவதுதான் தறைதல். ஒட்டுப்போட்ட இடம் அலங்காரத்தோடு கலந்துவிடும்.

இத்தகைய ஆயுதங்கள் இருந்த தஞ்சை ஆயுதசாலை 1860களில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மீதியில் பெரும்பகுதி பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று.