கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

"உங்கள் நோய்க்கு ஒரு புது மருந்து வந்திருக்கிறது. சோதனையில் சேருகிறீர்களா?"

புற்று நோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்படிக் கேட்டால், வீட்டார் என்ன செய்வார்கள்?

சிலர் பயந்து ஓடுவார்கள். "நம்மை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்பார்கள். சிலர் டாக்டரைத் தெய்வமாக நினைத்து, காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

இரண்டும் வேண்டாம். விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

சோதனை எதற்கு?

தாம்பரத்துக்குப் பக்கத்தில் "சானட்டோரியம்" என்று ஒரு ரெயில் நிலையம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே காச நோய் விடுதி ஒன்றை நிறுவினார். அதனால் வந்த பெயர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. அந்தக் காலத்தில் இதுதான் காசத்துக்கு வைத்தியம்.

மருந்துகள் வந்த பிறகும், "விடுதியில் படுத்தால்தான் குணமாகும்" என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். அது உண்மைதானா?

1956-ல் சென்னையில் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். சில நோயாளிகளை விடுதியில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்து, வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். யாருக்கு வீடு, யாருக்கு விடுதி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள்! அதன் பிறகு பல நாடுகளில் காச வைத்தியமே மாறியது.

அடையாறில் பிழைத்த குழந்தைகள்

புற்று நோயிலும் இதே கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். ஒரு காலத்தில், ரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

1984 முதல், அமெரிக்க நிபுணர்களுடன் சேர்ந்து, ஒரே திட்டப்படி மருந்து கொடுத்து, கணக்கு வைத்துப் பார்த்தார்கள். பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியும், டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியும் இதில் சேர்ந்தன. 2005-ல் கணக்கு வெளிவந்தது. 4 ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்!

ஆனால் புற்று நோய் மருந்து கடுமையானது. கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் தாக்கும். அதனால்தான் காவல் வேண்டும்.

காவல் இல்லாவிட்டால்?

1999-2000-ல் திருவனந்தபுரம் வட்டாரப் புற்று நோய் மையத்தில் ஒரு சோதனை நடந்தது. வாய்ப் புற்று நோயாளிகளுக்கு ஒரு புது மருந்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். அந்த மையத்தின் டாக்டர் ஒருவரே புகார் கிளப்பினார்.

மருந்தைத் தந்தவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழக விஞ்ஞானி. அந்தப் பல்கலைக் கழகம் விசாரித்தது. 2001-ல் முடிவைச் சொன்னது. தன் கமிட்டியின் அனுமதி பெறவில்லை; மிருகங்களிடம் போதுமான அளவு சோதிக்கவில்லை; நோயாளிகளுக்குச் சரியாக விளக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது.

யார் காவல்?

இப்போது 2019-ம் ஆண்டு விதிகள் அமலில் இருக்கின்றன. புது மருந்தைச் சோதிக்க மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். நிபுணர்கள் திட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்பார்கள். மிருகங்களிடம் சோதித்தாயிற்றா? எவ்வளவு மருந்து? எத்தனை நோயாளிகள்? எப்போது நிறுத்துவது?

அடுத்தது நெறிமுறைக் கமிட்டி. இதில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். வக்கீல் ஒருவர், பெண் ஒருவர், சாதாரணப் பொதுமகன் ஒருவராவது அவசியம். பாதிப் பேராவது வெளியாராக இருக்க வேண்டும். தலைவரும் வெளியார்தான். "இந்தக் காகிதம் எனக்கே புரியவில்லையே, நோயாளிக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்கத்தான் அந்தப் பொதுமகன்!

சோதனையின்போது ஒருவருக்குப் பெரிய கெடுதல் நேர்ந்தால், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சோதனையால் நேர்ந்த பாதிப்பு என்றால் நஷ்டஈடு உண்டு.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

* இப்போதுள்ள வைத்தியம் எது? புது மருந்தில் அதைவிட என்ன நன்மை எதிர்பார்க்கிறீர்கள்?

* என்ன கெடுதல் வரலாம்?

* கமிட்டி அனுமதி கொடுத்துவிட்டதா? அரசாங்கப் பதிவேட்டில் இந்தச் சோதனையின் எண் என்ன? (2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். அதை யாரும் பார்க்கலாம்.)

* செலவு யாருடையது?

"வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பாதியில் விலகவும் உரிமை உண்டு. அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

நோயாளிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், சம்பந்தம் இல்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். தமிழில் எழுதிய விளக்கத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டார் எல்லோரும் கேட்கட்டும். புரிந்த பிறகு பேனாவை எடுக்கலாம்.