போர்க்கப்பல் துறையிலிருந்து பங்குனி உத்திரக் காவடி வரை... செம்பவாங் பற்றி இதெல்லாம் தெரியுமா?

கப்பல் கடலில் மிதந்து வரும், சரி. கப்பலைத் தூக்கி நிறுத்திப் பழுதுபார்க்கும் துறையே இங்கிலாந்திலிருந்து மிதந்து வந்தது தெரியுமா? 1928இல் நடந்த கூத்து இது. டைன் ஆற்றங்கரையில் ஸ்வான் ஹண்டர் நிறுவனம் கட்டிய அந்த இரும்பு ராட்சதனைப் பகுதி பகுதியாக இழுவைக் கப்பல்களில் கட்டி, சூயஸ் கால்வாய் வழியாக இழுத்து இழுத்து, சிங்கப்பூரின் வடகோடியில் ஜோகூர் நீரிணைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 50,000 டன் போர்க்கப்பலையும் தண்ணீருக்கு மேலே ஏந்திவிடும் வலு அதற்கு! அது வந்து நின்ற கரைதான், இன்றைக்கு வீவக அடுக்குமாடிகளும் ஈரச்சந்தையும் பள்ளிப் பேருந்துமாகக் கிடக்கிற செம்பவாங்.

அது போதவில்லை பிரிட்டிஷாருக்கு. பக்கத்திலேயே 1,000 அடி நீளத்தில் ஓர் உலர்துறையைத் தோண்டினார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர். அன்றைய உலகின் மிகப் பெரிய துறைகளில் அதுவும் ஒன்று! 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறப்பு விழா. கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டினால் அது என்ன விழா? ஆளுநர் ஷென்டன் தாமஸ் ஏறிவந்த ‘சீ பெல் 2’ என்ற படகே குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை மோதி அறுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது! (ஷென்டன் வேயில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.) இரண்டு ஆண்டு கழித்து, 1940இல், உல்லாசக் கப்பல் குவீன் மேரி படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாறியிருந்த நிலையில் இதே துறைக்குள் வந்து நின்றது.

சுமார் 6 கோடி பவுண்டு கொட்டிக் கட்டிய கடற்படைத் தளம். இங்கே வந்து நிற்க வேண்டிய பெரும் கடற்படை வந்ததா என்றால், வரவில்லை! ஐரோப்பாவில் போர் மூண்டதில் கப்பல்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. வந்தவற்றில் பெயர் சொல்லும்படியான பெரிய கப்பல்கள் இரண்டே இரண்டு: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ். 1941 டிசம்பர் 2ஆம் தேதி செம்பவாங்கில் நங்கூரம் போட்டன. 8ஆம் தேதி புறப்பட்டன. 10ஆம் தேதி குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்துவிட்டன. 800க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். தளத்துக்கு எதிர்க்கரையே ஜோகூர் என்பதால், ஜப்பானியர் அங்கே வந்து சேர்ந்தபோது இது கோட்டையாக இல்லாமல் போர்முனையாகிவிட்டது. அத்தனை பாடுபட்டு இழுத்துவந்த மிதக்கும் துறையைப் பிரிட்டிஷார் தாங்களே மூழ்கடித்துவிட்டு ஓடினார்கள். உலர்துறை திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆனபோது சிங்கப்பூர் சரணடைந்தது.

சிங்கப்பூர்ப் பீரங்கிகள் எல்லாம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தோற்றார்கள் என்று சொல்வார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளில் சில தரைப்பக்கம் திரும்பிச் சுடவும் செய்தன. குண்டுகள்தான் பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்தவை. காலாட்படையின் மேல் அவை என்ன செய்யும்?

என்னைக் கேட்டால் செம்பவாங்கின் நிஜமான கதை பீரங்கியில் இல்லை, சம்பள நாளில் இருக்கிறது. போருக்குப் பிறகு பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது இந்த ‘நேவல் பேஸ்’. தமிழர், மலையாளி, மலாய்க்காரர், சீனர் என்று வெல்டர், ஃபிட்டர், கிராணி, ஸ்டோர் ஆள்... மலையாளிகள் திரண்டிருந்ததால் ஸ்ரீ நாராயண மிஷன் 1948இல் இந்த வட்டாரத்தில்தான் முளைத்தது. தொழிற்சங்கமும் லேசுப்பட்டதல்ல. அதில் முன்னணியில் நின்ற அகமது இப்ராகிம் 1955 தேர்தலில் செம்பவாங்கில் சுயேச்சையாக நின்று ஜெயித்து, பின்னால் அமைச்சராகவும் ஆனார். ஜூரோங் பக்கம் போகும் ஜாலான் அகமது இப்ராகிம் அவர்தான்!

இதைக் கேளுங்கள். 1962இல் தளத் தொழிலாளி ஒருவரின் கனவில், கென்பரா சாலை மரத்தடி ஒன்றில் நாகத்தோடு முருகன் தோன்றினாராம். மரத்தடி வழிபாடு கோயிலாக வளர்ந்தது. மரமே கோயிலுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது: புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். நகரம் விரிந்தபோது முருகனும் இடம் மாறி, இப்போது யீஷூன் தொழிற்பேட்டைக்குள் குடியிருக்கிறார். தைப்பூசம் என்றால் சிராங்கூன் சாலை, சரி. பங்குனி உத்திரம் என்றால் வடக்கே வாருங்கள். தொழிற்கூடங்களுக்கு நடுவே பால்குடமும் காவடியும் போகிற காட்சியைத் தேக்காவில் பார்க்க முடியாது.

சாலைப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மால்ட்டா, ஜிப்ரால்டர், டர்பன், ஒட்டாவா, வெலிங்டன்... அரை மணி நேரம் நடந்தால் ஒரு சாம்ராஜ்யத்தையே சுற்றிவிடலாம். அதிகாரிகளுக்குக் கட்டிய கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இன்னும் மரநிழலில் இருக்கின்றன, வாடகைக்கு! 2019 நவம்பரில் திறந்த எம்ஆர்டி நிலையத்துக்கும் கென்பரா என்றே பெயர்.

தளம் கைமாறிய விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிரிட்டிஷ் தளங்களை நம்பித்தான் அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிக்கொண்டிருந்தது. 1968 ஜனவரியில் “வெளியேறுகிறோம்” என்று லண்டன் அறிவித்ததும் ஊரே கலங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கப்பல் பட்டறை முழுவதும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பேருக்கு வாங்கிய விலை: ஒரே ஒரு வெள்ளி! செம்பவாங் ஷிப்யார்டு என்ற பெயரில் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியபோது, அதை நிர்வகிக்க அழைக்கப்பட்ட நிறுவனம் எது? அதே ஸ்வான் ஹண்டர்!

போர் தொடர்பில்லாத அதிசயமும் ஒன்று உண்டு: வெந்நீர் ஊற்று. 1909இல் கண்டுபிடித்தது, சுமார் 70 டிகிரி சூடு. 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் வாங்கிப் பாட்டிலில் அடைத்து விற்றது. ஜப்பானியர் குளியல் தொட்டி கட்டினார்கள். 2020இல் பூங்காவாகப் புதுப்பித்துத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்: தாத்தா பாட்டிகள் வாளியில் வெந்நீர் பிடித்து முழங்கால் வரை ஊறப்போட்டுக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டைகளைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, வெந்ததா வெந்ததா என்று எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுப்பும் வேண்டாம், கேஸும் வேண்டாம்!

இன்னும் முடியவில்லை. 2028 வாக்கில் கப்பல் பட்டறை அங்கிருந்து கிளம்புகிறது. அந்த இடத்தில் புதிய கடலோரக் குடியிருப்பு வட்டாரம் வரும் என்று 2025 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். ஆறாம் ஜார்ஜ் துறையைத் தூர்த்துவிடாமல் மக்கள் கூடுகிற பொதுவிடமாக்கப் போகிறார்களாம்; குவீன் மேரி நின்ற பள்ளத்தின் ஓரமாகக் காலாற நடக்கலாம். ஜன்னலைத் திறந்தால் ஜோகூர் தெரிகிற வீட்டுக்கு இப்போதே ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த முறை விலை ஒரு வெள்ளியாக இருக்காது!