பகதூர்: முகமூடி இல்லாத வீரன்

சித்திரக்கதை என்றதும் நமது பெற்றோரில் பலர் முகம் சுளிப்பர். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கும் பொருள் அது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அவர்களது இளமைக் காலத்தில் இரும்புக்கை மாயாவியும் வேதாளரும் வீட்டுக்கு வீடு கைமாறிச் சென்றவர்கள் என்பதை எனது மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். மாயாவி இங்கிலாந்திலிருந்து வந்தவர். வேதாளர் அமெரிக்காவில் பிறந்தவர். இவர்களுக்கு நடுவே இந்திய மண்ணிலேயே பிறந்த ஒரு வீரனும் இருந்தான். அவன் பெயர் பகதூர். அவனது கதைகளையும் குணத்தையும் இன்று நாம் மீண்டும் பார்ப்பது பயன் தரும் என நினைக்கிறேன்.

டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனம் 1964இல் 'இந்திரஜால் கொமிக்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அது வெளிவந்தது. தொடக்கத்தில் அதில் வந்தவர்கள் வெளிநாட்டு வீரர்களே. 1976 டிசம்பரில்தான் பகதூர் அறிமுகமானான். அவனைப் படைத்தவர் ஆபித் சுர்த்தி. 1935இல் குஜராத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர், ஓவியர். பகதூரின் முதற் கதைகளுக்குப் படம் வரைந்தவர் கோவிந்த் பிராமணியா.

கதை நடக்கும் இடம் வட இந்தியாவின் சம்பல் பள்ளத்தாக்கு. அது கற்பனை இடமன்று. கொள்ளைக் கூட்டங்களுக்குப் பேர்போன பகுதி அது. 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் நூற்றுக்கணக்கான கொள்ளையர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். ஆகவே 1976இல் பகதூரைப் படித்தவர்களுக்கு அது பத்திரிகைச் செய்தியின் தொடர்ச்சி போலவே இருந்திருக்கும்.

பகதூர் ஒரு கொள்ளைக்காரனின் மகன். அவனது தந்தை பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்படுகிறார். பழிவாங்க வேண்டும் என்ற வெறி அவனுக்குள் வளர்கிறது. ஆனால் சுட்ட அதிகாரியான விஷாலை நெருங்கும்போது, தந்தை எத்தனை குடும்பங்களை அழித்தவர் என்பதை அறிந்துகொள்கிறான். பழியைக் கைவிடுகிறான். கொள்ளையருக்கு எதிராகக் கிராம மக்களை ஒன்று திரட்டி ஒரு மக்கள் பாதுகாப்புப் படையை அமைக்கிறான்.

அவனுக்கு மாய சக்தி எதுவும் இல்லை. முகமூடியும் இல்லை. உடுப்போ காவி நிறக் குர்தாவும் நீல ஜீன்ஸும். அமெரிக்காவின் கெப்டன் அமெரிக்கா நாட்டுக் கொடியையே உடையாக அணிந்தவர். 1941ஆம் ஆண்டு முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டவர். தேசபக்தி என்றால் எதிரியை வெல்வது என்பதை அந்த அட்டை உடனே சொல்லிவிடுகிறது. எனினும் 1974இல் வந்த கதையில், ஆட்சியில் இருப்பவர்களின் ஊழலைக் கண்டு அவர் அந்தப் பெயரையே சில காலம் துறந்தார். நாட்டை நேசிப்பது வேறு, ஆள்வோருக்குத் தலையாட்டுவது வேறு என்பதை அவரும் கற்க வேண்டியிருந்தது. பகதூரின் முதல் எதிரியோ வெளியில் இல்லை. அவன் சொந்த வீட்டுக்குள், தான் நேசித்த தந்தையின் செயலில் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதற்கு ஹிட்லரைக் குத்துவதை விட அதிகத் துணிவு வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு சிறப்பு பேலா. அவள் காப்பாற்றப்படக் காத்திருக்கும் பெண் அல்லள். தற்காப்புக் கலை தெரிந்தவள், பகதூருடன் சேர்ந்து போராடுகிறாள்.

குறையும் உண்டு. சில பக்கங்களுக்குள் எல்லாப் பிரச்சினையும் அடிதடியில் தீர்ந்துவிடுகிறது. ஊர் மக்கள் ஆயுதம் ஏந்தினால் அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி எழுவதில்லை. போர்க்காலத்தில் ஊர்காவற்படைகளைக் கண்ட கிழக்கு மாகாணத்தில் நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. ஆயுதம் வந்த பின் அதைக் கீழே வைப்பது கதையில் மட்டுமே எளிது.

இந்தப் பழைய கதை மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு எதற்கு? 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21இல், நம்மவர் என்று சொல்லிக்கொண்ட சிலர் நடத்திய தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறு பிள்ளைகளும் மாண்டனர். முதலாவதைப் பேசும்போது நமக்குக் குரல் உயர்கிறது. இரண்டாவதைப் பேசும்போது தாழ்கிறது. அதன்பின் நம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் பார்வை மாறுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஒருவர் செய்த குற்றத்துக்கு அவரது ஊரையும் உறவையும் சந்தேகிப்பது அநீதி. கொள்ளைக்காரனின் மகன் கொள்ளைக்காரனாகத்தான் இருப்பான் என்பதை பகதூர் பொய்யாக்குகிறான். அதே நேரம், நம்மவர் செய்தது என்பதற்காகக் குற்றத்தை மூடி மறைக்கவும் அவன் மறுக்கிறான். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கதையைப் பாதியில் மூடி வைத்ததாகிவிடும்.

இந்திரஜால் 1990இல் நின்றுபோனது. ஆனால் பகதூரைப் படைத்தவர் ஓயவில்லை. மும்பைக்கு அருகில் மீரா ரோட்டில் வாழ்ந்த சுர்த்தி, எழுபது வயதைக் கடந்த பின், 2007இல் ஒரு சிறு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். ஞாயிறுதோறும் ஒரு குழாய் திருத்துநரையும் உதவியாளரையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, ஒழுகும் குழாய்களை இலவசமாகத் திருத்தினார். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் மாதத்துக்குச் சுமார் 1000 லீற்றர் நீரை வீணாக்கும் என்பதே அவரை எழுப்பிய கணக்கு. பழுதாவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு றப்பர் வாஷர் மட்டும்தான்.

நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் தண்ணீர். குடிக்க உதவாத உவர் நீர். குடிநீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து குழாய் வழியே வர வேண்டியிருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்து வுழூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று மத்ரசாவில் சிறு வயதிலேயே படிக்கிறோம். ஆனால் வுழூச் செய்யும் இடத்துக் குழாய் இரவு முழுக்கச் சொட்டினாலும் அதைத் திருத்துவது வேறு யாருடைய வேலையோ என்று போய்விடுகிறோம்.

பெற்றோர்களே, உங்கள் பழைய பெட்டிகளில் அந்தக் காலத்துச் சித்திரக்கதைகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுடன் இருந்து வாசியுங்கள். எது சரி, எது பிழை என்று அவர்களோடு வாதாடுங்கள். சகோதரிகளே, வாசித்து முடித்ததும் ஒரு முறை எழுந்து போய் வீட்டுக் குழாய்களைப் பாருங்கள். வாஷர் மாற்றத் தெரியாவிட்டால் வாப்பாவிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பேலாவுக்குத் தெரிந்ததை விட அது ஒன்றும் கடினமான கலை அல்ல.