ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ சத்தமா? எர்த் பின்னை மட்டும் பிடுங்காதீங்க!

ஆசை ஆசையாக ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், கூடவே சப்வூஃபர் வாங்கியாச்சு. டிவி, லேப்டாப் எல்லாத்தையும் இணைச்சாச்சு. ராத்திரி வீடு அடங்கின பிறகு பாட்டுப் போடலாம்னு உட்கார்ந்தால், பாட்டுக்கு முன்பே ‘ம்ம்ம்ம்...’ என்று ஒரு முனகல். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை.

“த்ரீ-பின்ல பெரிய பின்னைக் கழற்றிடுங்க, சரியாயிடும்” என்று யாராவது ஒருவர் சொல்வார். கழற்றினால் பெரும்பாலும் சரியாகத்தான் ஆகும். சிக்கலே அதுதான்.

முதலில், இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் கேட்பது இந்த 50-உம், அதன் மடங்குகளான 100, 150-உம்தான். ஆம்ப்ளிஃபயர் ஒரு சாக்கெட்டில், சப்வூஃபர் எதிர்ச்சுவரில் இன்னொரு சாக்கெட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்குமே த்ரீ-பின் பிளக் என்றால், இரண்டும் தனித்தனியாக எர்த் ஆகியிருக்கும். இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளிப்பக்கக் கம்பி வலையும் அவற்றின் எர்த்தை ஒன்றாக்கிவிடும். ஆக, எர்த்துக்கு இரண்டு வழிகள். சேர்ந்து ஒரு வளையம். இதைத்தான் ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள்.

எர்த் என்றால் எல்லா இடத்திலும் பூஜ்ஜியம் வோல்ட் என்பது பேப்பரில் மட்டும்தான். நிஜத்தில் இரண்டு சாக்கெட்டுகளின் எர்த்துக்கு இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கலாம். வளையத்தில் மின்சாரம் ஓட அது போதும். ஆர்சிஏ கேபிளில் பாட்டு சிக்னல் திரும்பும் பாதையும் அதே கம்பி வலைதான் என்பதால், பாட்டோடு முனகலும் சேர்ந்து பெருகி வெளியே வருகிறது.

எர்த் பின்னைக் கழற்றினால் வளையம் அறுந்து சத்தம் போய்விடும். ஆனால், நாளைக்கு உள்ளே ஒரு லைவ் ஒயர் நழுவி அந்தப் பெட்டியின் இரும்பு உடம்பைத் தொட்டால்? எர்த் இருந்தால் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போகும், அல்லது எம்சிபி விழும். இல்லாவிட்டால், அந்த மின்சாரம் மெல்லிய ஆர்சிஏ கேபிள் வழியாக அடுத்த பெட்டியின் எர்த்துக்குப் போகப் பார்க்கும். கேபிள் கருகலாம். அதைவிட மோசம், ஏதோ காரணத்துக்காக அந்தக் கேபிளை நீங்கள் உருவும் நொடி. அந்தப் பெட்டிக்கு இருந்த ஒரே எர்த்தும் அப்போது போய்விடும். 230 வோல்ட்டோடு நிற்கும் பெட்டியில் இருப்பது உங்கள் கை!

(சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட டூ-பின் சாதனங்கள் வேறு ரகம். அவற்றை எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இயங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.)

சரி, என்னதான் செய்வது? செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆம்ப், சப்வூஃபர், டிவி எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டில் செருகிய நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். எர்த் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வதால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் வேண்டாம்.

அப்படியும் போகலையா? ஆம்ப்பை ஆஃப் செய்து, அதற்கு வரும் கேபிள்களை எல்லாம் கழற்றுங்கள். (ஆனில் வைத்துக் கழற்றினால் ‘டொம்’ என்று ஸ்பீக்கரை அடிக்கும்.) பிறகு ஒவ்வொன்றாக இணைத்து ஆன் செய்து கேளுங்கள். எதைச் செருகும்போது முனகல் திரும்புகிறதோ அதுதான் ஆள். லேப்டாப் என்றால் சார்ஜரை எடுத்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது அமைதியாகிவிட்டால் வழி சார்ஜர்தான்.

பலரும் யோசிக்காத ஆள், செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயர். அதுவும் வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கலாம். அதைக் கழற்றியதும் சத்தம் நின்றால், அந்த ஒயருக்கென்றே விற்கும் ஐசோலேட்டர் ஒன்றை நடுவில் போட்டால் முடிந்தது. டிடிஹெச் வீடுகளில் மட்டும் இது சரிப்படாது. மொட்டைமாடி டிஷ்ஷுக்கு அதே ஒயர் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. சாதாரண ஐசோலேட்டர் அதையும் தடுத்துவிடும், படமே வராது. அங்கே டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போடுவதே நல்லது. அதில் போவது ஒளி என்பதால் வளையத்துக்கே வழியில்லை.

ஆம்ப்பில் ஆப்டிகல் இல்லாவிட்டால், ஆர்சிஏ கேபிளின் நடுவே போடும் ஆடியோ ஐசோலேட்டர் இருக்கிறது. உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவுதான். மிக மலிவானதை வாங்கினால் முனகலோடு பேஸும் கொஞ்சம் கரைந்துவிடும்.

பழைய வீடுகளில் இன்னொரு கூத்து. சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. ஆம்ப்பின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இருந்தாலோ, டெஸ்டர் வைத்தால் எரிந்தாலோ, பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எந்தக் கேபிளும் இல்லாமல் ஆம்ப் தனியாகவே ஸ்பீக்கரில் முனகினால், அது கிரவுண்ட் லூப் இல்லை. பழைய ஆம்ப் என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பிளக்கை உருவிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மூடியைத் திறக்க வேண்டாம்.